கறிவேப்பிலைச் செடியே பாடநூல்

பூச்சிகளில் வழக்கத்துக்கு மாறான நிறம் ஒன்று கண்ணில் படுமானால், அதைச் சிருஷ்டியில் நேர்ந்த பிழையென்று ஒதுக்குவோரும், விசித்திரமென்று ஒரு கணம் வியந்து அப்பால் மறந்துவிடுவோருமே நம்மில் அதிகம். வட அமெரிக்காவில் பச்சை வெட்டுக்கிளிகளிடையே எப்போதாவது ஒன்று ரோஜா நிறத்தில் பிறக்கும்போது, அதன் படம் பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது, அதனால் அந்தப் பிராணிக்கு லாபமா நஷ்டமா என்ற விசாரணைதான் அபூர்வமாக இருக்கிறது. ஜீவராசிகளின் வரலாற்றை ஊன்றிப் படித்தவர்களோ இத்தகைய நிறபேதங்களே பிரகிருதியின் மூலதனம் என்பதை அறிவார்கள். இன்று வேண்டாததாகத் தோன்றும் ஒரு நிறம், சூழ்நிலை மாறும் காலத்தில் அந்த இனத்தையே காக்கும் கவசமாகிவிடக் கூடும்.

இதற்கு நம் உயிரியல் பாடங்களில் பெரும்பாலும் சொல்லப்படும் உதாரணம் இங்கிலாந்து தேசத்து அந்துப்பூச்சி ஒன்று. வெண்ணிறச் சிறகில் மிளகுப் பொடி தூவினாற்போலப் புள்ளிகள் கொண்ட அந்த இனத்தில், முற்றிலும் கரிய நிறமுடைய ஒன்று 1848-இல் மான்செஸ்டர் நகரத்தில் அகப்பட்டது. ஆலைப் புகை படிந்து மரப்பட்டைகளெல்லாம் கறுத்துப்போன அந்தப் பிராந்தியத்தில், வெளிறிய பூச்சிகள் பறவைகளின் கண்ணில் பட்டு இரையாகிக்கொண்டிருக்க, கரியவை தப்பிப் பிழைத்துச் சந்ததி பெருக்கின. 1895-இல் அந்நகரத்துப் பூச்சிகளில் நூற்றுக்கு 98 கரியவையாகவே இருந்தன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டு, புகை படிப்படியாகக் குறைந்த பின்னர், பழைய வெளிறிய நிறமே மீண்டும் மேலோங்கியது.

உதாரணம் உயர்ந்ததுதான், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்தப் பூச்சியையோ அது அமரும் மரத்தையோ வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வாய்ப்பில்லாத நம் மாணாக்கர்கள், அந்த வரலாற்றை மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்பித்துவிட்டு, நிறபேதம் என்பது எங்கோ அயல்நாட்டில் நடந்து முடிந்த ஒரு சம்பவம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அதைவிடச் செழுமையான சான்று, அவர்கள் வீட்டுக் கொல்லையில், அன்றாடம் தாளிப்புக்கு இலை பறிக்கும் கறிவேப்பிலைச் செடியிலேயே இருக்கிறது.

அந்தச் செடியிலும் எலுமிச்சை, நாரத்தை முதலியவற்றிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி ஒன்றுண்டு. இன்று அதைக் கறிவேப்பிலை அழகி என்று வழங்குகிறார்கள். ஆண் பூச்சி கரிய சிறகும், பின்சிறகின் குறுக்கே வரிசையாக வெண்புள்ளிகளும் உடையது. பெண்ணோ நம் நாட்டில் மூன்று ரூபங்களில் பிறக்கிறது. ஒரு ரூபம் ஆணைப் போன்றே இருக்கும். இரண்டாவது, பின்சிறகின் நடுவே வெண்திட்டும் ஓரத்தில் செம்பிறைகளும் தாங்கி, ரோஜா அழகி என்னும் வேறொரு வண்ணத்துப்பூச்சியை அச்சாக ஒத்திருக்கும். மூன்றாவது, முன்சிறகில் வெண்பட்டைகளும் பின்சிறகில் சிவந்த புள்ளிகளும் பெற்று, சிவப்புடல் அழகி என்னும் மற்றொன்றைப் போலத் தோன்றும்.

இவ்விரு பூச்சிகளை ஏன் ஒத்திருக்க வேண்டும் என்று கேட்டால், விடை அவற்றின் ஆகாரத்தில் இருக்கிறது. அவற்றின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகிய செடிகளைத் தின்று, அவற்றின் நஞ்சைத் தம் உடலிலேயே சேர்த்துவைத்துக் கொள்கின்றன. ஒருமுறை தின்று துன்புற்ற பறவை அந்தச் சிவப்பையும் கறுப்பையும் எளிதில் மறப்பதில்லை. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி, அவ்வேஷத்தைத் தரித்த மாத்திரத்தில் அந்த அச்சத்தின் பயனைத் தானும் அடைந்துவிடுகிறது. இருப்பினும் கூர்ந்து நோக்குவோருக்கு வேஷம் வெளிப்பட்டுவிடும்: நஞ்சுள்ள பூச்சிகளுக்கு உடலும் சிவந்திருக்கும், வேஷதாரிக்குச் சிறகில் மட்டுமே சிவப்பு, உடல் கறுப்பு.

அப்படியானால் பெண்கள் யாவும் ஏன் வேஷம் தரிக்கவில்லை? இந்தக் கேள்வியில்தான் பாடத்தின் சாரம் அடங்கியிருக்கிறது. போலிகள் அசலைவிடப் பெருகிவிட்டால், அந்த நிறத்தைத் தின்று பார்க்கும் இளம் பறவைக்கு அது ருசியான இரையென்றே அனுபவம் ஏற்படும். வேஷத்தின் பாதுகாப்பு குலைந்துவிடும். எந்த ரூபமும் அளவு மீறிப் பெருகாமல் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. ஆகவே சாதாரண ரூபமும் அசாதாரண ரூபமும் அருகருகே வாழ்கின்றன. ஒன்று இயல்பு, மற்றொன்று விகாரம் என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

இந்த ரூபங்களை வெவ்வேறு இனங்களென்றே கருதி வெவ்வேறு பெயர் சூட்டியிருந்த காலமும் உண்டு. மலாய்த் தீவுகளில் ஆராய்ச்சி செய்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 1865-இல் வெளிவந்த தம் கட்டுரையில், ஒரே இனத்துப் பெண்களே இப்படிப் பல ரூபம் கொள்கின்றன என்று விளக்கினார். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், ஃபிரையர் என்பவர் இலங்கையில் தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்துப் பார்த்து, இந்த ரூபங்கள் மெண்டலின் விதிகளின்படியே சந்ததிக்குச் செல்கின்றன என்று நிரூபித்தார். பாட்டியின் வேஷம், ஆணின் சிறகில் சிறிதும் வெளிப்படாமலே அவன் வழியாகப் பேத்தியை வந்தடைகிறது. 2014-இல் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, பூச்சிகளில் ஆண்பெண் லட்சணங்களைத் தீர்மானிக்கும் 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணுவே இத்தனை வேஷத்தையும் ஆள்கிறது என்று வெளியிட்டார்கள். வாலஸ் முதல் குண்டே வரை அறிஞர்களை ஈர்த்த பூச்சியை, நம் பிள்ளைகள் பெயர் தெரியாமலே பார்த்துக் கடந்து போகிறார்கள்.

நிறபேதம் சிறகோடு முடிவதுமில்லை. முட்டையிலிருந்து வரும் சிறு புழு பறவை எச்சம் போல் கிடக்கும். வளர்ந்தபின் இலைப் பச்சை கொள்ளும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் வீசும். கூட்டுப்புழுவோ அமர்ந்த இடத்துக்கேற்பப் பச்சையாகவும் பழுப்பாகவும் அமையும். இவ்வளவையும் ஒரு மாணவன் ஒரு செடியருகே, சில வாரங்களில், பிரத்தியட்சமாகக் காணலாம்.

இதற்குத் தடையாக நிற்பது நம் பழக்கம். இலையில் புழுவைக் கண்டதும் மருந்தடிப்பதே செடி வளர்க்கும் முறை என்றாகிவிட்டது. விற்பனைக்காகப் பயிரிடும் விவசாயியின் கஷ்டம் வேறு. அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் வீட்டுக்கொரு செடி வளர்ப்போர் பத்து இலைகளைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பதால் எந்த நஷ்டமும் வந்துவிடாது. அடித்த விஷமோ ரசத்தின் வழியே நம் வயிற்றுக்கே வந்துசேரும்.

ஆகவே கல்வித் துறையாரை வேண்டுகிறேன்: ஒவ்வொரு பள்ளியிலும் விஷம் படாத கறிவேப்பிலைச் செடி ஒன்றை வளர்க்கச் செய்யுங்கள், எந்த மாதத்தில் எந்த ரூபத்துப் பெண் வந்தது என்று மாணாக்கரைக் கொண்டு ஆண்டுதோறும் குறிப்பெழுதச் செய்யுங்கள். மான்செஸ்டர் பூச்சியின் கதை நமக்குத் தெரிந்ததே, அங்கே பூச்சி சேகரித்தவர்கள் தேதியும் இடமும் எழுதிவைத்ததால்தான். அவ்வாறு எழுதிவைக்கும் ஒரு தலைமுறையை நம் பள்ளிகளும் உண்டாக்கட்டும்.