சன்ஸ்க்ரீன்: வெயிலுக்கா, கறுப்புக்கா?

ரெண்டு கட்சி இருக்கு மக்களே. "மழை பெஞ்சாலும் சரி, வீட்டுக்குள்ளயே கிடந்தாலும் சரி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்க்ரீன் போடாதவன் மனுஷனே இல்லை"ங்கறது ஒண்ணு. "எல்லாம் கெமிக்கல், ரத்தத்துல கலந்துடும், நம்ம பாட்டி என்னத்தப் போட்டாங்க?"ன்னு கேக்கறது இன்னொண்ணு. முதல் கட்சி இன்ஸ்டாகிராம்ல இருக்கு. ரெண்டாவது குடும்ப வாட்ஸப் குரூப்ல. ரெண்டு பக்கமும் அடி வாங்கத் தயாராத்தான் இதை எழுதறேன் :)

என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். சன்ஸ்க்ரீன் நல்ல பொருள். ஆனா நம்ம ஊர்ல அதை விக்கறதுக்குச் சொல்ற காரணம் தப்பு. அந்தத் தப்பான காரணத்தாலயே, நிஜமா தேவைப்படறவங்க அதைத் தொட மாட்டேங்கறாங்க.

நல்ல பொருள்னு சும்மா சொல்லலை. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல நம்பூர்னு ஒரு ஊர் (பேரே நம்மூர் மாதிரி இல்ல?). அங்க 1992ல 1,621 பேரை எடுத்து, பாதிப் பேரை தினமும் தலை, கழுத்து, கையில சன்ஸ்க்ரீன் போடச் சொன்னாங்க. மீதிப் பேர் வழக்கம் போல, இஷ்டப்பட்டா போட்டாங்க. 1996 வரைக்கும் இது நடந்துச்சு. ஸ்குவாமஸ் செல் கார்சினோமாங்கற தோல் புற்றுநோய் கட்டிகள் தினமும் போட்டவங்களுக்கு 40 சதவீதம் வாக்குல குறைஞ்சுது. இன்னொரு வகையான பேஸல் செல்லுக்குப் பெரிசா வித்தியாசம் தெரியலை. அதுக்கப்புறம் பத்து வருஷம் விடாம கவனிச்சு 2011ல வெளியிட்டாங்க. ஆபத்தான மெலனோமா, போட்ட குழுவுல 11 பேருக்கு, மத்த குழுவுல 22 பேருக்கு. சோப்பு விளம்பரத்துல வர்ற 'ஆய்வு' மாதிரி இல்லை, இது நிஜமான வேலை.

ஆனா நம்பூர்ல இருந்தது பெரும்பாலும் வெள்ளைத்தோல். நம்ம கதை வேற. மெலனின் நமக்கு ஆண்டவன் போட்டு அனுப்பின ஃபயர்வால். கறுப்பினத்தவரோட மேல்தோல் மட்டுமே எஸ்பிஎஃப் 13 அளவுக்கு யூவிபி கதிரைத் தடுக்குது, வெள்ளைக்காரங்களுக்கு அது 3 சொச்சம்தான்னு 1979லயே அளந்து வச்சிருக்காங்க. நாம நடுவுல எங்கயோ. அதனால, 'சன்ஸ்க்ரீன் போடலைன்னா கேன்சர்'னு ஆஸ்திரேலியாக்காரன் பயத்தை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணி மதுரைக்காரனுக்கு விக்கறது போங்கு ஆட்டம்.

இதைவிடப் பெரிய போங்கு ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல கேன்சர்னு சொல்லி விக்கறதே குறைவு. 'கறுத்துடுவே'ன்னு சொல்லித்தான் விக்கறாங்க. 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020ல க்ளோ அண்ட் லவ்லியா பேர் மாத்திக்கிச்சு. இப்ப எந்தக் கடை அலமாரியைப் பாத்தாலும் 'ப்ரைட்டனிங்', 'ஆன்ட்டி டேன்', 'டீ-டேன்'. பேர்தான் மாறியிருக்கு, பூச்சாண்டி அதேதான்.

இதனால என்ன ஆகுதுன்னு எங்க வீட்லயே பாத்தேன். விருதுநகர்ல இருக்கற எங்க அத்தைக்கு ரெண்டு கன்னத்துலயும் மங்கு. மருந்துக்கடையில ஒரு க்ரீம் குடுத்திருக்காங்க. ஒரு மாசம் பளிச்னு இருந்துச்சாம். அப்புறம் முகம் சிவந்து, எரிச்சல், அடுப்புக்கிட்ட நிக்க முடியலை. தோல் டாக்டர் பாத்துட்டு, "இது ஸ்டீராய்டு க்ரீம், நிறுத்துங்க"ன்னு சொல்லி, மங்குக்கு முதல் மருந்தே இதுதான்னு சன்ஸ்க்ரீன் எழுதிக் குடுத்தார். அத்தை அதைப் பிரிக்கவே இல்லை. நான் கேட்டதுக்கு, "போடா, இந்த வயசுல நான் செவப்பாகி யாரை மயக்கப் போறேன்? தெருவுல சிரிக்க மாட்டாங்க?"ன்னாங்க. மருந்துன்னு நம்பினது முகத்தைக் கெடுத்துச்சு, மருந்தா எழுதிக் குடுத்தது மேக்கப்புன்னு பீரோவுல கிடக்கு. அத்தை மேல தப்பே இல்லை. நாப்பது வருஷமா அவங்க டிவியில பாத்த விளம்பரம் எல்லாம் அப்படித்தானே சொல்லிக் குடுத்துச்சு?

மங்கு சிவப்பழகு சமாச்சாரம் இல்லீங்க, அது ஒரு தோல் பிரச்சினை. வெயிலோட யூவி மட்டுமில்ல, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே அதைக் கூட்டும். அதனால இரும்பு ஆக்ஸைடு கலந்த, லேசா மண் நிறத்துல இருக்கற சன்ஸ்க்ரீன்தான் இதுக்கு நல்லா வேலை செய்யும். லூபஸ் இருக்கறவங்க, வெண்குஷ்டம்னு தப்பாப் பேர் வச்சிருக்கோமே அந்த வெண்புள்ளி இருக்கறவங்க, பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுக்கறவங்க... இவங்களுக்கும் வெயில் சும்மா விடாது. எல்லாத்துக்கும் மேல, பிறவியிலயே மெலனின் இல்லாத அல்பினிசம் உள்ளவங்க. இவங்களுக்குத் தோல் புற்றுநோய் நிஜமான ஆபத்து. நம்ம சென்னைல ஏப்ரல் மே மத்தியானம் யூவி குறியீடு 11ஐத் தாண்டும், அது உலக சுகாதார நிறுவனக் கணக்குல கடைசிப் படி. இவங்க யாரையாவது ஒரு சன்ஸ்க்ரீன் விளம்பரத்துல பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்லை.

இப்ப கொஞ்சம் கணக்கு. பொட்டி தட்டுறவன் பதிவுல கணக்கு இல்லாம எப்படி? எஸ்பிஎஃப் 30ன்னா முப்பதுல ஒரு பங்கு உள்ள வரும், அதாவது 3.3 சதவீதம். 50ன்னா 2 சதவீதம். 100ன்னா 1 சதவீதம். 50க்கும் 100க்கும் விலை வித்தியாசத்தைப் பாத்துட்டு இதை யோசிங்க. அதுவும் யூவிபிக்கு மட்டும். கண்ணாடி வழியா காருக்குள்ள வர்ற யூவிஏவுக்கு 'பிஏ+++' இல்ல 'ப்ராட் ஸ்பெக்ட்ரம்'னு தனியா போட்டிருக்கணும். முக்கியமான விஷயம், இந்த எண்ணை அளக்கறது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. முகம், கழுத்துக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் முழு நீளத்துக்குப் பிதுக்கினா வர்ற அளவு. ஒண்ணேகால் கிராம்னு வைங்க. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. 50 கிராம் ட்யூப் இருபது நாள்ல காலி! ட்யூப் ஐநூறு ரூபாய்னா மாசம் எழுநூத்தம்பது. நாம என்ன பண்றோம்? கடலை அளவு எடுத்து முகம் பூராத் தடவி, ஒரு ட்யூபை ஆறு மாசம் ஓட்டறோம். அதுல எஸ்பிஎஃப் 50 கிடைக்கும்னு நம்பறது, டெஸ்ட் பண்ணாத கோடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல ஏத்தற மாதிரி.

சரி, வாட்ஸப் கட்சிக்கு வருவோம். அவங்க சொல்றதுல பாதி உண்மை. அமெரிக்க எஃப்டிஏ 2019லயும் 2020லயும் வெளியிட்ட ஆய்வுகள்ல, ஆக்ஸிபென்சோன் மாதிரி ரசாயன வடிகட்டிகள் ரத்தத்துல கலக்கறது உறுதியாச்சு. ஆனா கலக்குதுன்னா கெடுதல்னு அர்த்தம் இல்லை, மேல ஆராயணும்னுதான் எஃப்டிஏ சொன்னது. ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு ரெண்டையும் பாதுகாப்புப் பட்டியல்ல வச்சுது. பயமா இருந்தா அதை வாங்குங்க. ஒரே பிரச்சினை, நம்ம நிறத்துக்கு அது பழனி மலை இறங்கி வந்த மாதிரி விபூதி எஃபெக்ட் குடுக்கும். வாசனை சேர்த்ததுல அலர்ஜி, வேர்வையோட சேர்ந்து பரு, இதெல்லாமும் உண்டு. 2021ல ஜான்சன் அண்ட் ஜான்சன் சில ஸ்ப்ரே சன்ஸ்க்ரீன்களை பென்சீன் இருந்ததால திரும்ப வாங்கிச்சு. வைட்டமின் டி? ஒழுங்கா நிறையப் பூசினா கொஞ்சம் குறையலாம். ஆனா காலைல இருட்டோட கேப் ஏறி, ராத்திரி இருட்டோட இறங்கற நம்ம கூட்டத்துக்கு அது குறைஞ்சா பழியைச் சன்ஸ்க்ரீன் மேல போடாதீங்க.

எனக்கு உறுத்தறது வேற. அமெரிக்காவுல இது மருந்துச் சட்டத்துக்குள்ள வருது. இங்க அழகுசாதனம். கடுமையான சட்டம் இருக்கற ஆஸ்திரேலியாவுலயே 2025ல சாய்ஸ்ங்கற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்க்ரீனைச் சோதிச்சதுல 16 போட்டிருந்த எண்ணை எட்டலை. நம்ம ஊர்ல அதே வருஷம் ரெண்டு கம்பெனிங்க எஸ்பிஎஃப் விளம்பரத்துக்காக டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய்ச் சண்டை போட்டாங்க. கம்பெனிக்குக் கம்பெனி சண்டை போட்டாத்தான் நமக்கு விஷயமே தெரிய வருது. சாய்ஸ் மாதிரி காசு குடுத்து வாங்கி, சோதிச்சு, பேரோட வெளியிடற ஆள் இங்கயும் வேணும். 'டேன்'ங்கற வார்த்தையை அட்டையில இருந்து எடுக்கணும். மங்குக்கும் அல்பினிசத்துக்கும் எழுதற சன்ஸ்க்ரீனை அரசு ஆஸ்பத்திரியில மருந்தாவே குடுக்கணும்.

மத்தவங்களுக்கு? நிஜமா வெயில்ல நிக்கறவங்களைப் பாருங்க. சித்தாள் வேலை பாக்கற அக்கா, புடவைக்கு மேல வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில துண்டு கட்டியிருப்பாங்க. மாசம் எழுநூத்தம்பது செலவு இல்லை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டாம், வேர்வையில கரையாது. ஸ்கூட்டில துப்பட்டாவை முகத்துல சுத்திட்டுப் போற பொண்ணுங்களைக் கொள்ளைக்காரின்னு கிண்டல் பண்றோமே, வேலை செய்யற பாதுகாப்பு அதுதான். துணி மூடாத இடத்துக்குத்தான் க்ரீம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ஆளு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. நம்ம மாதிரி நிறத்துக்கு மெலனோமா வந்தா பெரும்பாலும் வெயில் படாத இடத்துலதான் வரும், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. பாப் மார்லி 1981ல செத்தது கால் விரல் நகத்தடியில ஆரம்பிச்ச மெலனோமாவாலதான். அதுக்கு எந்த சன்ஸ்க்ரீனும் உதவாது. நகத்துல புதுசா கறுப்புக் கோடு வந்து அகலமானா, அடிபட்டிருக்கும்னு விட்டுடாம தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க.