பச்சைப் புள்ளி

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வாசிப்புக் குழு கூடியபோது நண்பர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே அமர்ந்திருந்தார். நாவலைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர், சில நிமிடங்களுக்கொருமுறை கையை நீட்டி மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். கேட்டோம். அன்றைய வேலையை அவர் நண்பகலிலேயே முடித்து அனுப்பிவிட்டார். ஆயினும் ஆறு மணிவரை அவர் பெயருக்கருகில் பச்சைப் புள்ளி எரிந்தாக வேண்டும். அது மஞ்சளாகிவிட்டால் ‘இருக்கிறீர்களா?’ என்று மேலாளரிடமிருந்து செய்தி வந்துவிடும். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்ற ஏற்பாட்டில் அவருக்கு வாய்த்த சுதந்திரம் இதுதான்.

சிரித்தோம். பிறகு, எங்களில் மேலும் இருவர் அதையே செய்துகொண்டிருப்பது தெரியவந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அலுவலகங்கள் ஒரே வாரத்தில் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. பெருந்தொற்று ஓய்ந்தபின் பலவும் பாதி வழியில் நின்றுகொண்டன. பாதி இங்கே, பாதி அங்கே என்ற இந்தக் கலப்பு அலுவலகத்தை நடத்த மென்பொருள் தேவைப்படுவதை நாம் மறுக்கவில்லை. 2013இல் வந்த ஸ்லாக், 2017இல் வந்த மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், நம்மவர்களின் ஜோஹோ ஒர்க்பிளேஸ் எனப் பல இருக்கின்றன. அரட்டை, காணொளிக் கூட்டம், கோப்பு, நாட்காட்டி எனப் பலவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதே இவற்றின் பெருமை. எந்த மேசையை யார் எந்த நாளுக்குப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்ற கணக்கையும் பல நிறுவனங்கள் இவற்றோடு இணைத்துக்கொள்கின்றன.

நமக்கு உறுத்துவதும் அந்தப் பெருமைதான். பழைய அலுவலகத்தில் வருகைப் பதிவேடு தலைமை எழுத்தரின் மேசைமேல் இருந்தது. கோப்புகள் பீரோவில் இருந்தன. வம்பு தேநீர்க் கடையில் நடந்தது. தாமதமாக வந்தவருக்குச் சிவப்பு மையில் கோடு விழும், சில கோடுகள் சேர்ந்தால் தற்செயல் விடுப்பில் கை வைப்பார்கள். அத்தோடு சரி. நீங்கள் யாரோடு எத்தனை முறை பேசினீர்கள், கூட்டத்தில் கேமராவைத் திறந்தீர்களா, இரவு எத்தனை மணிக்குக் கடிதத்துக்குப் பதில் எழுதினீர்கள் என்பதையெல்லாம் எந்த எழுத்தராலும் கூட்டிப்பார்த்து ஓர் எண்ணாக்க முடிந்ததில்லை. தனித்தனியாக இருந்தவரை அவை வெறும் தடயங்கள். ஒன்றாக இணைக்கப்பட்டதும் அவற்றிலிருந்து ஓர் ஆளே எழுந்து நிற்கிறார், நம் சாயலில்.

இது மிகையன்று. 2020 இறுதியில் மைக்ரோசாஃப்ட் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்றொரு வசதியை வெளியிட்டது. இன்னார் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் அரட்டையில் எழுதினார் என்று பெயர் பெயராகப் பார்க்க அதில் வழியிருந்தது. கடும் கண்டனம் எழுந்தபின் அந்த டிசம்பரிலேயே பெயர்களை நீக்கினார்கள். ஆனால் ஆசை நீங்கவில்லை. ஊழியர் அலுவலகத்தின் வைஃபையில் இணைந்ததும் அவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்பதை டீம்ஸ் தானே குறித்துக்கொள்ளும் என்று 2025இல் அறிவிப்பு வந்தது. மறுபுறத்தில் ஊழியர்களும் சளைத்தவர்கள் அல்லர். விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பாவனை செய்ததற்காக அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோ 2024இல் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோரை வேலைநீக்கம் செய்தது. கண்காணிப்பு எந்த அளவோ அந்த அளவுக்கு நடிப்பு. எங்கள் நண்பரின் விரல் செய்ததும் அதைத்தான்.

இங்கே 1990களின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க விளம்பர நிறுவனமான ஷியாட்/டே, அதன் தலைவர் ஜே ஷியாட்டின் கனவுப்படி, லாஸ் ஏஞ்சலிஸிலும் நியூயார்க்கிலும் யாருக்கும் சொந்த மேசையில்லாத அலுவலகத்தை அமைத்தது. காலையில் வந்ததும் மடிக்கணினியையும் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டு, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். சொந்தச் சாமான்களுக்கு ஒரு லாக்கர். நடந்தது என்ன? சிலர் விடியற்காலையிலேயே வந்து கணினியைக் கைப்பற்றி ஒளித்துவைத்தனர். கோப்புகளைக் காரின் பின்பெட்டியில் அடுக்கிக்கொண்டனர். ஒருவர் தம் காகிதங்களைக் குழந்தைகளின் சிவப்பு இழுவண்டியில் ஏற்றி அலுவலகம் முழுக்க இழுத்துத் திரிந்தாராம். சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. மேசை முன்பதிவுச் செயலி இருந்திருந்தால் வரிசை குறைந்திருக்கும். தமக்கென ஓர் இடம் வேண்டும் என்ற தவிப்பு குறைந்திருக்குமா என்பதில் நமக்கு ஐயமே.

கலப்பு முறையே தோல்வி என்று நாம் வாதிடவில்லை. சீனப் பயண நிறுவனமான ட்ரிப்.காமில் 1,612 ஊழியர்களை வைத்து, பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் 2021-22இல் ஒரு சோதனை நடத்தினர். பிறந்த தேதி ஒற்றைப்படையாக உள்ளவர்களுக்குப் புதன், வெள்ளி இரு நாளும் வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமை. இரட்டைப்படைக்காரர்கள் ஐந்து நாளும் அலுவலகம் வரவேண்டும். (ஜோதிடர்கள் கவனிக்க.) முடிவு 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. வேலையின் தரத்திலோ பதவி உயர்விலோ வேறுபாடு தென்படவில்லை. கலப்பு முறையில் இருந்தவர்களிடையே வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாம் கவனிப்பது ஏற்பாட்டின் எளிமையை. எல்லோருக்கும் பொதுவான நாட்கள், முன்கூட்டியே தெரிந்த நாட்கள். யாரைத் தேடி யார் வந்து ஏமாறுவது என்ற கேள்வியே அங்கு எழ இடமில்லை.

அதே நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், 2010 இறுதியில் தொடங்கிய முந்தைய சோதனை வேறொன்றையும் காட்டியிருந்தது. அதில் வாரத்துக்கு நான்கு நாள் வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தனர். ஆனால் அந்த வேலைக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிட்டவில்லை. கண்ணில் படாதவர் கணக்கில் வரவில்லை. நம் நகரங்களில் வீட்டு நாட்களை முழுதும் பயன்படுத்திக்கொள்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தை உள்ள தாய், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், அலுவலகத்துக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகும் புறநகர்வாசி. புள்ளிகளின் பட்டியலை வைத்து ஆண்டு மதிப்பீடு எழுதப்படுமானால் முதலில் அடிபடுவது இவர்கள்தாம்.

ஆகவே நிர்வாகிகளிடம் நாம் கேட்பது சிறிது. இந்த மென்பொருளை அறிவிப்புப் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எடுத்த முடிவுகளை அன்றே அதில் எழுதுங்கள், வராதவரும் படிக்கட்டும். யார் எந்த நாள் வருகிறார் என்பதைக் குழுவே பேசித் தீர்மானிக்கட்டும். வருகைத் தடயங்களை மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து விலக்கிவிடுவோம் என்று எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தை போதாது, மேலாளர்கள் மாறுவார்கள், பதிவுகள் அங்கேயே இருக்கும்.

நண்பரிடம் இவற்றைச் சொன்னோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் ஒருமுறை மவுஸைத் தட்டினார். மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது.