மேற்கோள் இருக்கிறது, கட்டுரை எங்கே?

இடுபணியிலிருந்த ஒரு புள்ளிவிவரத்துக்குச் சான்று கேட்டேன். படிவம் 6 மாணவி, மேற்கோள்களைத் தொகுக்கும் ஸோட்டெரோ மென்பொருளைப் பள்ளிக் கணினியில் திறந்தார். கட்டுரையின் பெயர் இருந்தது; கட்டுரை திறக்கவில்லை. குற்றம் மென்பொருளுடையதன்று. வீட்டில் அவர் கோப்பின் நகலைச் சேமிக்காமல் இணைப்பு மட்டும் கொடுத்திருந்தார். அப்படிச் செய்தால் கோப்பு இருக்கும் இடம் மட்டுமே பதிவாகும். ஒத்திசைவு செய்தாலும் கோப்பு மற்றக் கணினிக்கு வராது.

மாணவர்களே, நகலையே சேமியுங்கள். ஸோட்டெரோவின் இலவச இணையச் சேமிப்பிடம் 300 மெகாபைட்தான். அது நிரம்பினால் மேற்கோள் விவரங்கள் தொடர்ந்து ஒத்திசையும். புதிய கோப்புகள் ஏறா. ஆகவே வாரம் ஒருமுறை மென்பொருளை மூடிவிட்டு, அதன் தரவுக் கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் நகலெடுங்கள்.

திறந்து காட்ட முடியாத மேற்கோளுக்கு நான் புள்ளி தருவதில்லை. கேட்டவருக்குச் சான்றைக் காட்டுவதுதானே அறிவியல்?