மூன்றாவது சீட்டு

என் மேஜைமேல் மூன்று காகிதச் சீட்டுகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே டாக்டர் எழுதியவை. முதல் சீட்டில் ஜனவரி மாதத் தேதி, இரண்டாவதில் மார்ச், மூன்றாவதில் மே. மூன்றிலும் ஒரே மருந்துதான்: பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, வாயில் தடவ ஒரு களிம்பு. என் அத்தை இறந்த பிறகு, அவளுடைய வெற்றிலைப் பெட்டியின் அடியிலிருந்து இவற்றை எடுத்தேன்.

நான் வைத்தியம் படித்தவனல்ல. கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன். புற்றுநோயைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். இந்தச் சீட்டுகளைப் படித்து அர்த்தம் தெரிந்துகொள்ள வைத்தியப் படிப்பு தேவையில்லை என்பதுதான் என் பதில்.

அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் கரியமாணிக்கம். பாகூர் வட்டாரத்தில், நெட்டப்பாக்கத்துக்குப் பக்கத்தில், நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். நாற்பது வருஷம் வெற்றிலையோடு புகையிலை போட்டவள். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. “சின்னப் புண்ணுதான்பா, சூடு” என்றாள் என்னிடம். டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருப்பாள். அவர் அதையேதான் நம்பியிருக்கிறார்.

ஆகஸ்டில், பல்தான் குத்துகிறது என்று எண்ணி, அதைப் பிடுங்கிக்கொள்ளப் புதுச்சேரிக்குப் போனாள். அந்தப் பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை அடித்துப் பார்த்தார். விரலால் நாக்கின் ஓரத்தைத் தொட்டார், கழுத்தைத் தடவினார். பல்லைத் தொடவில்லை. உடனே ஒரு கடிதம் எழுதிக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அதற்குள் நோய் கழுத்துக் கட்டிகளுக்குப் பரவியிருந்தது. நாக்கில் ஒரு பகுதியையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் கடைசி மாதங்களைச் சைகையிலேயே கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

கரியமாணிக்கத்திலிருந்து கோரிமேட்டுக்குப் பஸ்ஸில் ஒரு காலை நேரப் பயணம். என் அத்தைக்கு அந்தப் பயணம் ஏழு மாதம் பிடித்தது.

நாம் எதற்கெடுத்தாலும் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், புதிய இயந்திரம் வேண்டும் என்று கேட்கிறோம். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை மனசில் வைத்திருந்து, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தார் அந்த அம்மையார். அவருக்கு நாடே கடன்பட்டிருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மரிலேயே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கிறது, அதற்குப் போகிற வழியின் முதல் படியில் இருக்கிற மனிதர்தான் தூங்குகிறார். அந்த மனிதர் நம் குடும்ப டாக்டர்.

எங்கள் டாக்டரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அத்தை மகன் டைபாய்டில் கிடந்தபோது நடுராத்திரியில் வீட்டுக்கே வந்தவர். காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, அவரை நேரில் போய்ப் பார்த்தேன். சீட்டுகளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினம் எண்பது பேர் வருகிறார்கள், சார். வாய்ப்புண் என்று வருகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மாத்திரையிலேயே ஆறிவிடுகிறது. எல்லோரையும் கோரிமேட்டுக்கு அனுப்ப முடியுமா? அந்தப் பேரைச் சொன்னாலே ஜனங்கள் நடுங்கிப்போகிறார்கள். வீணாக எதற்குப் பயமுறுத்துவது என்று நினைத்தேன்.”

அவர் மேஜைமேல் ஒரு டார்ச் விளக்கு இருந்தது. குழந்தைகளுக்குத் தொண்டை பார்ப்பதற்காக வைத்திருப்பது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லோரையும் அனுப்பினால் பெரிய ஆஸ்பத்திரி தாங்காது. முதல் தடவை மாத்திரை கொடுத்ததை நான் குற்றமாகச் சொல்லவே மாட்டேன். என் வழக்கெல்லாம் மூன்றாவது சீட்டைப் பற்றியதுதான். மாத்திரையில் ஆறுகிற புண் முதல் சீட்டிலேயே ஆறியிருக்கும். ஆறாத புண்ணோடு அதே மனுஷி மூன்றாவது தடவை வந்து நிற்கிறாள் என்றால், அவள் ஒரு பெரிய சேதியைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று அர்த்தம். அதை வாங்கிப் படிக்காமல் அதே மருந்தைத் திரும்ப எழுதுவது வைத்தியமாகாது, பழக்கம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. இங்கிலாந்தில் ஜெஸிக்கா பிரேடி என்ற 27 வயதுப் பெண், 20 தடவைக்கு மேல் தன் குடும்ப டாக்டரின் வைத்தியசாலையை அணுகியும் நோய் இன்னதென்று தெரியாமல், 2020-ல் புற்றுநோயால் இறந்துபோனாள். பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2025 செப்டம்பரில் அந்த நாட்டு அரசாங்கம் அவள் பெயராலேயே ஒரு விதியை அறிவித்தது. ஒரே தொந்தரவோடு ஒருவர் மூன்று தடவை வந்தும் காரணம் புலப்படவில்லையென்றால், டாக்டர் தம் முடிவை முதலிலிருந்து யோசிக்க வேண்டும் என்பதுதான் அது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல ஓர் உயிர் போகவேண்டியிருந்தது.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்காதீர்கள். நடந்து காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996 முதல், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஜனங்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். கண்ணும் வெளிச்சமுந்தான் கருவி. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவிகிதம் குறைந்தது என்று 2005-ல் வெளியிட்டார்கள். நம் திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ல் தொடங்கி, பயிற்சி பெற்ற நர்சுகள் அசெடிக் அமிலத்தைத் தடவிக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பரிசோதித்தார்கள். அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவிகிதம் குறைந்தது. 2007-ல் அந்தக் கணக்கும் வெளிவந்தது. நர்சால் முடிந்தது டாக்டரால் முடியாதா?

முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கம் 2016-லேயே வழிமுறை வகுத்துவிட்டது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில், புற்றுநோய்க்காக வாயைப் பரிசோதித்துக்கொண்டவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. டார்ச் விளக்கு மேஜைமேல் இருக்கிறது.

டாக்டர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. புகையிலை உண்டா என்று கேளுங்கள். மூன்று வாரத்தில் ஆறாத புண்ணையும், சரியாகாத குரல் கம்மலையும் சும்மா விடாதீர்கள். தீட்டு நின்றுபோன அம்மாளுக்கு மறுபடி உதிரம் பட்டால் ‘உஷ்ணம்’ என்று சொல்லாதீர்கள். மலத்தில் ரத்தம் என்றால் பரிசோதிக்காமலே ‘மூலம்’ என்று எழுதாதீர்கள். வயசானவருக்குச் சோகை கண்டால், இரும்புச் சத்து டானிக் கொடுக்குமுன் ரத்தம் எங்கே போகிறது என்று தேடுங்கள். மருந்து கொடுக்கும்போதே, “இந்தத் தேதிக்குள் குணமாகாவிட்டால் கட்டாயம் வந்து காட்டு” என்று சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதுங்கள். மூன்றாவது சீட்டுக்குப் பதிலாகக் கடிதம் எழுதுங்கள்.

நோயாளிகளாகிய நாம் மட்டும் யோக்கியர்களா? இன்றைக்கு ஒரு டாக்டர், நாளைக்கு ஒரு டாக்டர், நடுவில் மருந்துக்கடைக்காரர். எவரிடமும் பழைய சீட்டைக் காட்டுவதில்லை. புகையிலையை மறைக்கிறோம், மார்பில் கட்டி என்றால் வெட்கப்பட்டு அதையும் மறைக்கிறோம். அத்தை மூன்று சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தாள். மூன்றையும் ஒருசேர டாக்டர் முன்னால் வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொரு குற்றவாளியும் உண்டு. அந்தப் பேரைச் சொன்னாலே ஜனங்கள் நடுங்குகிறார்கள் என்றாரே டாக்டர், அந்த நடுக்கத்தை யார் உண்டாக்கினார்கள்? கதாநாயகியைச் சாகடிக்க வழி தெரியாதபோதெல்லாம் புற்றுநோயைக் கூப்பிட்ட நாங்கள்தான். சினிமாக்காரர்கள் செய்தார்கள், நாவலாசிரியர்களும் செய்தோம். நானே என் இரண்டாவது நாவலில் ஒருத்தியை அப்படிக் கொன்று, நூற்றுக்கணக்கான வாசகர்களின் கண்ணீரைச் சம்பாதித்திருக்கிறேன். புற்றுநோய் என்றால் விதி, விதி என்றால் சாவு என்று ஜனங்களுக்குப் பாடம் நடத்தினோம். சீக்கிரம் கண்டுபிடித்ததால் பிழைத்து, வீட்டுக்கு வந்து, மருமகளோடு சண்டை போடுகிற ஒரு மாமியாரை நாங்கள் யாராவது எழுதினோமா? அப்படிப்பட்டவர்கள் நிஜத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கதையில் அவர்களுக்கு இடமில்லை.

அந்த டாக்டர் இப்போது வாய்ப்புண் என்று வருகிற எல்லோருடைய வாயையும் விளக்கடித்துப் பார்க்கிறார் என்று அத்தை மகன் சொல்கிறான். சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு டாக்டருக்கும் ஓர் அத்தையைக் கொடுத்துத்தான் இதைக் கற்பிக்க வேண்டும் என்றால், அவ்வளவு அத்தைகளுக்கு நாம் எங்கே போவது?

உங்கள் வீட்டிலும் ஒரு மேஜை டிராயரோ, ஒரு வெற்றிலைப் பெட்டியோ இருக்கும். இன்றைக்கே திறந்து பாருங்கள். ஒரே தொந்தரவுக்கு மூன்று சீட்டுகள் இருந்தால், மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே புறப்படுங்கள்.