திறவுகோல் காப்பவர் நூலகர் ஆவாரா?

கல்வியாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப்பள்ளிகளில் பணிப்பங்கீட்டுக் கூட்டம் நடைபெறும். கட்டொழுங்கு, விளையாட்டு, பாடநூல், சிற்றுண்டிச்சாலை, நலவாழ்வு என ஒவ்வொரு பொறுப்பும் ஒருவரைச் சென்றடைந்த பின்னர், பட்டியலின் அடியில் நூல்நிலையம் எஞ்சி நிற்கும். மறுத்துப் பேசத் தெரியாத புதிய ஆசிரியை எவரேனும் இருப்பின் அது அவருக்கு. இல்லையேல், பணி ஓய்வுக்கு ஈராண்டே உள்ள மூத்தவருக்கு. திறவுகோல் கொத்து ஒன்று கைமாறும். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகக் குறிப்பேட்டில் எழுதப்படும். அடுத்த ஆண்டு அதே கொத்து வேறொருவர் கைக்குப் போகும். இதனை நூல்நிலைய நிருவாகம் என்று அழைப்பது தகுமா?

தகாது. எனினும் இவ்வழக்கத்தைப் பற்றி வாய் திறப்போர் சிலரே. பள்ளி நூல்நிலையம் ஏன் உறங்குகிறது என்று வினவினால், நிதி இல்லை, இடம் இல்லை, பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆர்வம் இல்லை என்னும் மூன்று விடைகள் எப்போதும் ஆயத்தமாக உள்ளன. நிதி வந்த பள்ளிகளிலோ வண்ணம் பூசிய அலமாரியும், தரைவிரிப்பும், கணினியும் வந்தன. நூல்கள் அட்டைப்பெட்டிகளிலேயே கிடந்தன. மலேசியாவில் 1980களில் நூல்நிலையமும் கல்விச் சாதனப் பிரிவும் ஒன்றாக்கப்பட்டு, 'பள்ளி வள நிலையம்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. கதவின் மேல் இருந்த பலகை மாறியது. கதவைத் திறப்பவரின் பயிற்சி மாறவில்லை. பின்னர் மாணவர் படித்த நூல்களைப் பதிவு செய்யும் 'நிலாம்' வாசிப்புத் திட்டம் வந்தது. நல்ல திட்டமே. ஆனால் பல இடங்களில் நூல்களின் எண்ணிக்கை எண்ணப்பட்டதேயன்றி, எந்தப் பிள்ளைக்கு எந்த நூல் ஏற்றது என்று அறிந்து எடுத்துக் கொடுக்கும் ஆள் உருவாக்கப்படவில்லை.

பொறுப்பாசிரியருக்குப் பயிற்சியே இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. மாவட்ட அளவில் ஒருநாள், இருநாள் பயிலரங்குகள் நடைபெறுகின்றன. அவை தேசிய மொழியில், தேசிய மொழி நூல்களையும் ஆங்கில நூல்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு நடத்தப்படுகின்றன. அதில் குறைகாண ஒன்றுமில்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பயிலரங்கு அவ்வாறுதான் அமையும். சிக்கல், பயிற்சி முடிந்து தமிழ் அலமாரியின் முன் வந்து நிற்கும்போது தொடங்குகிறது.

மு. வரதராசனின் நூலொன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஆசிரியர் பெயரை 'மு' என்பதன் கீழ் எழுதுவதா, 'வரதராசன்' என்பதன் கீழ் எழுதுவதா? அட்டையில் 'டாக்டர் மு.வ.' என்று அச்சிடப்பட்டிருந்தால் அப்படியே எழுதிவிடுவதா? தமிழரின் பெயரில் முன் நிற்கும் எழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பதேயன்றிக் குடும்பப் பெயர் அன்று. இதனை மேனாட்டு விதிகளை ஒட்டிய பயிலரங்கு சொல்லித் தருவதில்லை. ஆகவே ஒரே எழுத்தாளர் ஒரே பள்ளியின் பதிவேட்டில் மூன்று பேராகி நிற்கின்றார். கணினிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். தமிழ்த் தலைப்பை உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யும்போது, 'திருக்குறள்' என்பதை ஒருவர் 'டி' எழுத்தை மட்டும் வைத்துத் தொடங்குவார். அடுத்தவர் 'டி'யோடு 'எச்' சேர்ப்பார். பின்னால் தேடுபவருக்கு ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. நூல் அலமாரியில் இருக்க, அந்நூல் இல்லை என்று கணினி சொல்லும். பிள்ளை வெறுங்கையோடு திரும்புவான்.

பகுப்பு எண்ணும் அவ்வாறே. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையின் இன்றைய பதிப்பில் தமிழ் இலக்கியத்திற்கு உரிய எண் 894.811. உலக நூல்நிலையம் ஒன்றில் இவ்வெண் ஓர் அலமாரியின் மூலையில் அடங்கிவிடும். தமிழ்ப்பள்ளியிலோ கதைநூல், பாட்டுநூல், நாடகம் எனப் பெரும்பகுதி நூல்கள் இந்த ஒரே எண்ணில் வந்து குவிகின்றன. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குரிய படக்கதையும் ஆசிரியர் படிக்கும் புதினமும் தோளோடு தோள் உரசி நிற்கும். இதனை எவ்வாறு உட்பிரிப்பது? படிநிலை வாரியாக வண்ணத்தாள் ஒட்டுவதா, வகை வாரியாகப் பிரிப்பதா? இதற்கு விடை எந்தக் கையேட்டிலும் ஆயத்தமாக இல்லை. தமிழ் நூல்களை நாளும் கையாளும் ஆசிரியர்கள் ஒன்றுகூடி முடிவு செய்தாலன்றி விடை பிறக்காது.

வாதத்தின் உயிர்நிலை இதுவே. தமிழ்ப்பள்ளி நூல்நிலையப் பொறுப்பாசிரியருக்குத் தேவையான பயிற்சியின் ஒரு பாதியை மேலிருந்து எவரும் கொடுக்க இயலாது. அது பக்கத்துப் பள்ளிப் பொறுப்பாசிரியரிடமிருந்துதான் வர வேண்டும். நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அத்தனை பொறுப்பாசிரியர்களும் ஒரே சிக்கலைத் தனித்தனி அறைகளில், ஒருவரையொருவர் அறியாமல், அரைகுறையாகத் தீர்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு விரயம்!

தமிழ்நாட்டுச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்டபோது அவருக்கு நூலகப் பயிற்சி கிடையாது. அப்பணி தொடக்கத்தில் அவருக்குப் பிடிக்கவும் இல்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். இலண்டன் சென்று பயின்று வந்த பின்னரே அவர் மனம் மாறியது. திரும்பி வந்தவர் தம் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டே அச்சங்கத்தின் வழி நூலகர் பயிற்சி வகுப்பு தொடங்கியது. அவருடைய ஐந்து விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர் உண்டு. ஆனால் விதிகளை நூலாக வெளியிடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே சங்கம் பிறந்துவிட்டது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

மலேசிய மண்ணிலும் முன்னோடிகள் இல்லாமற் போகவில்லை. மலாயாவில் நூலகர்களின் அமைப்பு 1955இலேயே உருவாயிற்று. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய இராம சுப்பையா, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஒரு பட்டியலை 1969இல் வெளியிட்டார். அனைத்துலகப் பள்ளி நூலகர் கழகம் தன் ஆண்டு மாநாட்டை 2002இல் பெட்டாலிங் ஜெயாவில் நடத்தியது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியமும் தமிழ்ச் சமூகத்தாரும் கைகோத்து, அந்நாட்டின் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை 2015இல் மின்வடிவாக்கினர். தனியொரு நூலகரோ தனியொரு எழுத்தாளரோ செய்து முடித்திருக்கக்கூடிய வேலையா அது? (உள்ளூர் நூல்கள் விற்கவில்லை என்று மேடைதோறும் வருந்தும் எழுத்தாளர்களையும் இங்கு ஒரு கேள்வி கேட்கலாம். தம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியின் நூல்நிலையப் பொறுப்பாசிரியர் யாரென்று அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?)

ஆசிரியருக்கு நேரம் இல்லை என்பது அடுத்த தடை. உண்மைதான். ஏழெட்டு ஆசிரியர்களே உள்ள தோட்டப்புறப் பள்ளியில் ஒருவரை நூல்நிலையத்திற்கு மட்டும் ஒதுக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் ஆளை மாற்றச் சொன்னது யார்? மூன்றாண்டு ஒருவரையே நிலைக்கவிட்டால் கூடுதல் சம்பளமும் இல்லை, கூடுதல் ஆளும் இல்லை. மாற்றுவோர் தலைமையாசிரியர்களே, பழியை அமைச்சின் வாசலில் கொண்டுபோய் வைப்பது நேர்மையாகாது.

சிறிய பள்ளியில் நூல்களே குறைவு, ஒன்றுகூடிப் பேச என்ன உள்ளது என்பாரும் உளர். குறைவாக இருப்பதால்தான் கூட வேண்டும். அருகருகே உள்ள ஐந்து பள்ளிகள், பள்ளிக்கு நாற்பது நூல்கள் கொண்ட ஒரு பெட்டியை ஆயத்தம் செய்து, இரு மாதத்திற்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் ஓராண்டிற்குள் இருநூறு நூல்களைக் காண்பான். செலவு நாற்பதிற்கே. ஆனால் பெட்டி சுற்றிவர வேண்டுமாயின் ஐந்து பதிவேடுகளும் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த நூல் யாருடையது என்பதில் பூசல் எழக்கூடாது. கிழிந்ததைச் செப்பனிடுவது யார் என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும். அப்போது பயிற்சியும் ஒத்துழைப்பும் இரண்டு காரியங்களாக நில்லா.

முதற்கூட்டத்தில் பெரிய சொற்பொழிவு வேண்டாம். திறப்புவிழாவும் மாலையும் வேண்டாம். ஐந்து பொறுப்பாசிரியர்களும் தத்தம் சேர்க்கைப் பதிவேடுகளோடு வரட்டும். பிள்ளைகள் மிகுதியாகக் கேட்டு வாங்கும் ஐம்பது எழுத்தாளர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு, தமிழில் எந்த எழுத்தின்கீழ், உரோமனில் எந்த எழுத்துக்கூட்டலில் பதிவது என்று மாலைக்குள் முடிவு செய்யட்டும். அதற்கு வேண்டியவை ஒரு வகுப்பறை, ஒரு நீண்ட மேசை, ஐந்து தலைமையாசிரியர்கள் தம் ஆசிரியரை ஒருநாள் விடுவித்துக் கையெழுத்திட்ட கடிதங்கள்.