உலகம் அழிந்த பிறகு ஒரு மளிகைச் சீட்டு

அறுபது வயது வரை நான் படித்ததெல்லாம் குடும்பக் கதைகளும் சரித்திரத் தொடர்களும்தான். போன மாதம் மகள் ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தாள். வால்டர் எம். மில்லர் என்ற அமெரிக்கர் எழுதி 1959-ல் வெளிவந்த ‘எ கேண்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’. விஞ்ஞானக் கதை. அதிலும், அணு ஆயுதப் போரில் உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை!

இருபது பக்கம் தாண்டுவதற்குள் இரண்டு முறை மூடி வைத்துவிட்டேன். பாலைவனம், நோன்பிருக்கும் ஓர் இளம் துறவி, நடுநடுவே லத்தீன்.

“ஒண்ணுமே புரியலைடி” என்றேன்.

“எல்லாம் உடனே புரியணுமா? புரியாததைத் தாண்டிப் போம்மா” என்றாள்.

தாண்டிப் போனேன். இடிபாடுகளுக்குள் அந்தத் துறவிக்கு ஒரு பழைய பெட்டி கிடைக்கிறது. உள்ளே ஒரு மின்சுற்று வரைபடம். கூடவே, வீட்டுக்கு வாங்க வேண்டிய இறைச்சி, ரொட்டி என்று குறித்த கடைச் சீட்டு. அறுநூறு வருடப் பழசு. எழுதியவர் லீபோவிட்ஸ் என்ற பொறியாளர். ‘இந்த அழிவுக்கெல்லாம் படித்தவர்கள்தான் காரணம்’ என்று ஜனங்கள் வெறிகொண்டு புத்தகங்களை எரித்தபோது, அவற்றைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். மடத்துக்கு அவர் மகான். ஆகவே அவருடைய மளிகைச் சீட்டும் புனிதப் பொருள்!

முதலில் சிரித்தேன். ஆனால், அந்த வரைபடம் எதற்கென்றே தெரியாமல், தங்கப் பூச்சுடன் அதற்கு ஒரு பிரதி எடுக்கப் பதினைந்து வருடம் செலவழிக்கிறான் அந்தத் துறவி. அங்கே சிரிப்பு நின்றுவிட்டது.

நான்கு வருடம் முன்பு அம்மா போன பிறகு வீட்டை ஒழித்தோம். பரணில் நாற்பது வருடக் கணக்கு நோட்டுகள். துவரம்பருப்பு, புளி, மண்ணெண்ணெய், பக்கத்தில் விலை. ஓரத்தில் ‘பாப்பாவுக்கு ஜுரம்’, ‘சீட்டுப் பணம் பாக்கி’ என்று குறிப்புகள். ‘பழைய கணக்குதானே’ என்று எடைக்குப் போட்டுவிட்டேன். அம்மா ‘ழ’ எழுதும்போது வாலை எப்படிச் சுழிப்பாள் என்பது இன்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

மில்லர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றியவர். 1944-ல் இத்தாலியின் மோன்டே கஸினோ மடத்தைத் தரைமட்டமாக்கிய தாக்குதலில் அவரும் இருந்தார். அந்தக் கைதான் பின்னால் ஏடுகளைக் காக்கும் ஒரு மடத்தைப் பற்றி எழுதியது. இதை அறிந்ததும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வகைக் கதைக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பகுதியில் மனதுக்குப் பிடித்துப்போனவர் அடுத்த பகுதியில் இருக்க மாட்டார். நடுவில் நூற்றாண்டுகள் ஓடியிருக்கும். கோபித்துக்கொண்டு மூடிவிடாதீர்கள்.

என் நோட்டுகள் இனி திரும்பாது. நினைவில் மிச்சமிருப்பதை ஒரு புது நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். துவரம்பருப்பில்தான் தொடங்கினேன். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.