மேய்ச்சலைத் தலையெண்ணி அளக்க இயலாது

நெய்யாற்றங்கரை, பாறசாலை எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் வினைகளுள் ஒன்று ‘மேய்’. ஆடுகளின் எண்ணிக்கையை வைத்து அவை தின்ற புல்லின் அளவைச் சொல்லிவிட முடியாது என்பதை அங்கு ஆடு வளர்ப்போர் அறிவர். நெய்யாறு கடல்சேரும் பூவாற்றுக் கழிமுகத்திலும் மேய்ச்சல் நிகழ்கிறது. அங்கே தாவர மிதவையுயிரிகளை விலங்கு மிதவையுயிரிகள் மேய்கின்றன. அவற்றை நம்பியே மீன்கள் வாழ்கின்றன. எனினும், கழிமுகங்களைப் பற்றிய ஆய்வேடுகள் பல, இனப்பட்டியலோடும் எண்ணிக்கையோடும் நின்றுவிடுகின்றன.

எண்ணிக்கை ஏன் போதாது? அரபிக்கடலில் தாவர உற்பத்தி பருவந்தோறும் மாறியபோதும், விலங்கு மிதவையுயிரிகளின் திரள் ஏறக்குறைய மாறாதிருந்ததை 1996இல் மதுபிரதாப் குழுவினர் காட்டினர். ‘அரபிக்கடல் முரண்’ எனப் பெயர்பெற்ற அப்புதிர், உண்ணும் வீதத்தை அறியாமல் முழுமையாக அவிழாது.

அவ்வீதத்தை நேரடியாக அளக்கும் வழிகளுள் ஒன்று கதிரியக்கத் தடங்காட்டி முறை. 1952இல் ஸ்டீமன் நீல்சன் கார்பன்-14 கொண்டு தாவர மிதவையுயிரிகளின் உற்பத்தியை அளக்கும் முறையை வெளியிட்டார். 1955இல் மார்ஷலும் ஓரும் கதிரியக்கமேற்றிய டயாட்டங்களைக் கலானஸ் என்னும் துடுப்புக்காலிக்கு ஊட்டிய ஆய்வை வெளியிட்டனர். முறை எளியது: குறியிட்ட உணவைச் சிறிது நேரம் ஊட்டி, உயிரியின் உடலில் சேர்ந்த கதிரியக்கத்தை அளக்கவேண்டும். அதை ஒரு மில்லிலிட்டர் உணவுநீரின் கதிரியக்கத்தாலும் ஊட்டிய நேரத்தாலும் வகுத்தால், அவ்வுயிரி ஒரு மணிநேரத்தில் எத்தனை மில்லிலிட்டர் நீரை மேய்ந்தது என்பது கிடைக்கும். உண்டது கழிவாகவோ மூச்சாகவோ வெளியேறுமுன் சோதனையை முடித்தல் இன்றியமையாதது. உணவிலிருந்து நீரில் கசியும் தடங்காட்டியை உயிரி நேரே ஏற்கக்கூடும். அதைக் கழிக்க ஒப்பீட்டுக் குப்பியும் வேண்டும்.

மணவாளக்குறிச்சி மோனசைட் மணலை அறிந்த இக்கடற்கரையில் ‘கதிரியக்கம்’ என்னும் சொல் அச்சமூட்டுவது இயல்பே. அந்த அச்சத்தை எள்ளுதல் தகாது. கார்பன்-14இன் அரைவாழ்வு சுமார் 5,730 ஆண்டுகள். பாஸ்பரஸ்-32க்கு 14 நாள்களே. எதுவாயினும் ஆற்றில் கலக்கலாகாது. உரிமம்பெற்ற ஆய்வகத்தில், மூடிய குப்பிக்குள் மட்டுமே சோதனை நிகழவேண்டும். அவ்வசதி இல்லாத துறைகளுக்குக் குடல்நிறமி அளவீடும், 1982இல் லேண்ட்ரியும் ஹேசட்டும் முன்வைத்த நீர்த்தல் முறையும் உள்ளன. பின்னது நுண்ணிய மேய்ப்பர்களுக்கு உரியது.

எனவே கருவியின்மை ஒரு சாக்காகாது. கழிமுக ஆய்வேட்டை மதிப்பிடுவோர் ‘எத்தனை இனங்கள்?’ என்பதோடு ‘ஒரு மணிநேரத்தில் எவ்வளவு மேய்ந்தன?’ என்றும் கேட்கவேண்டும். அக்கேள்விக்கு விடையின்றி எழுதப்படும் மீன்வளக் கணிப்பு வெறும் ஊகமே.